ஸ்மார்ட் பல்பு வைஃபையில் சேரவில்லையா? ரவுட்டர் முதல் சுவிட்ச் போர்டு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்மார்ட் பல்பு இணையவில்லை என்றால் பெரும்பாலும் பல்பில் கோளாறு இருக்காது. கையில் இருக்கும் ஃபோன், ஹால் மூலையில் இருக்கும் ரவுட்டர், சுவரில் இருக்கும் சுவிட்ச் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றுதான் வேலையைக் கெடுத்திருக்கும். ஆனால் நம் கை முதலில் போவது பல்புக்குத்தான். கழற்றி மாட்டி, திரும்பக் கழற்றி மாட்டி, சலித்துப்போய் 'டூப்ளிகேட் சாமான்' என்று திட்டி ரிட்டர்ன் போட்டுவிடுகிறோம். மாற்றாக வரும் பல்பும் அதே ஹோல்டரில் அதே மாதிரி சிமிட்டிக்கொண்டிருக்கும்.

நடுவில் ஹப் என்ற தனிப் பெட்டி எதுவும் இல்லாமல் நேராக வைஃபையில் சேரும் பல்புகளைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன். நம் ஊரில் அதிகம் விற்பது அந்த வகைதான். விப்ரோ, ஃபிலிப்ஸ் விஸ், டிபி-லிங்க் டேப்போ என்று எந்தப் பெயரில் வாங்கியிருந்தாலும் அடிப்படை ஒன்றே, ஆப்பின் முகம்தான் வேறு. இன்னும் வாங்கவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பவர்கள் முதலில் 'காசுக்குத் தகுமா?' பகுதியைப் படித்துவிட்டு வரலாம்.

மாட்டுவதற்கு முன்

மூன்றே விஷயம். முதலாவது ஹோல்டர். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது அழுத்தித் திருப்பும் பின் வகை, அதாவது பி22. மரை வைத்த வகை இ27. ஆன்லைனில் ஆர்டர் போடும்போது இதைக் கவனிக்காமல் விட்டால் மாற்றி மாட்டுவதற்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்க வேண்டிவரும். அது பல்பை இன்னும் ஒரு அங்குலம் கீழே இறக்கி, ஷேடுக்கு வெளியே தலையை நீட்ட வைக்கும்.

இரண்டாவது வோல்ட்டேஜ். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் பல்பில் 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம் 230 வோல்ட் லைனில் மாட்டாதீர்கள். மரை பொருந்திவிடும், பல்பு தாங்காது. 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் பயமில்லை.

மூன்றாவது, டிம்மர் அல்லது ரெகுலேட்டர் வழியாக வரும் பாயிண்டில் ஸ்மார்ட் பல்பை மாட்டக் கூடாது. வெளிச்சத்தைக் குறைக்கும் வேலையை பல்பே உள்ளுக்குள் செய்கிறது. வெளியிலும் ஒருவர் மின்சாரத்தை வெட்டினால் பல்பு மினுங்கும், உள்ளே இருக்கும் சிப் அடிக்கடி அணைந்து எழும்.

பல்புக்கு வைஃபை பெயரை யார் சொல்வது?

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி. ஃபோனில் திரை இருக்கிறது, வைஃபையைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்டு அடிக்கிறோம். பல்பில் அதெல்லாம் இல்லை. ஆகவே உங்கள் வீட்டு வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அதன் காதில் யாராவது போட வேண்டும். அந்த வேலையைத்தான் ஆப் செய்கிறது. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

பல்பு படபடவென்று வேகமாகச் சிமிட்டினால், அது காற்றில் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஃபோன் பெயரையும் பாஸ்வேர்டையும் வைஃபை சிக்னலிலேயே குறியீடாக்கி அனுப்பும், பல்பு அதை ஒட்டுக்கேட்டு எடுத்துக்கொள்ளும். மெதுவாகச் சிமிட்டினால், பல்பே சின்னதாக ஒரு வைஃபை ஹாட்ஸ்பாட்டைத் திறந்து வைத்திருக்கிறது. ஃபோன் தற்காலிகமாக அதற்குள் போய் விவரத்தைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். புதிதாக வரும் பல பல்புகளில் மூன்றாவது வழி இருக்கிறது: புளூடூத் மூலம் கை மாற்றுவது. மூன்றில் தொந்தரவு குறைந்தது இதுதான்.

இங்கே முக்கியமான சேதி என்னவென்றால், மலிவு விலை வைஃபை பல்புகள் ஏறக்குறைய எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் கேட்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அவற்றுக்குக் காது கேட்காது. இப்போது வீட்டுக்கு வரும் ஃபைபர் ரவுட்டர்கள் இரண்டையும் ஒரே பெயரில் கலந்து ஒலிபரப்புகின்றன. உங்கள் ஃபோன் வேகமான 5-ல் உட்கார்ந்துகொண்டு குறியீட்டை அனுப்பும், பல்பு 2.4-ல் காத்துக்கொண்டிருக்கும். ஆப்பில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

படி 1: பல்பை இணைப்பு நிலைக்குக் கொண்டுவருதல்

புது பல்பு மாட்டியதுமே சிமிட்டும். சிமிட்டாமல் வெறுமனே எரிந்தால் ரீசெட் செய்ய வேண்டும். பொதுவான முறை, சுவிட்சை ஆன்-ஆஃப் என்று 3 முதல் 5 முறை தட்டுவது. எத்தனை முறை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டப்பாவுக்குள் இருக்கும் காகிதத்தைப் பாருங்கள்.

எண்ணிக்கையைவிடத் தாளம் முக்கியம். அவசரமாகத் தட்டினால் பல்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் மிச்ச மின்சாரம் இருப்பதால் அது அணைந்ததையே சிப் உணராது. ரொம்ப மெதுவாகத் தட்டினால் தொடர்ச்சியாக எண்ணாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும். ஆன், ஒரு விநாடி, ஆஃப், ஒரு விநாடி என்று ஆரம்பித்துப் பாருங்கள். ஆகவில்லை என்றால் பத்து விநாடி முழுதாக அணைத்து வைத்துவிட்டு, இரண்டு விநாடி இடைவெளியில் திரும்பத் தட்டுங்கள். 2019-ல் ஜிஇ கம்பெனியின் ரீசெட் விளக்க வீடியோ ஒன்று உலகம் முழுக்கக் கேலிக்கு ஆளானது. 8 விநாடி ஆன், 2 விநாடி ஆஃப் என்று பொறுமையாக எண்ணச் சொல்லி, இதையே ஐந்து முறை செய்யச் சொன்னார்கள். அதோடு ஒப்பிட்டால் நம் பல்புகள் எவ்வளவோ தேவலை.

படி 2: ஃபோனைச் சரிசெய்தல்

வீட்டு வைஃபையில் ஃபோன் இருக்கிறதா, அது 2.4-தானா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரக் குறியைத் தொட்டால் பெரும்பாலான ஃபோன்களில் அலைவரிசை காட்டும்.

அடுத்து லொக்கேஷன். சுற்றியுள்ள வைஃபைகளைத் தேட ஆண்ட்ராய்டு ஆப்புகளுக்கு லொக்கேஷன் அனுமதி தேவைப்படுகிறது. அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது, மேலே இழுக்கும் பட்டியலில் லொக்கேஷன் ஆனிலும் இருக்க வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இது. புதிய ஆண்ட்ராய்டுகளில் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனியாக ஒரு அனுமதியும் கேட்கும், அதையும் கொடுத்துவிடுங்கள். ஐஃபோனில் 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல் 'லோக்கல் நெட்வொர்க்' என்ற அனுமதி இருக்கிறது. முதல் தடவை கேட்கும்போது எதற்கு வம்பு என்று மறுத்திருந்தால், ஆப் அதற்கப்புறம் பல்பைக் கண்ணால்கூடப் பார்க்காது. செட்டிங்ஸில் போய்த் திரும்பத் திறந்துவிட வேண்டும்.

விபிஎன் இருந்தால் அணையுங்கள். மெதுவாகச் சிமிட்டும் முறையில் இணைக்கிறீர்கள் என்றால் மொபைல் டேட்டாவையும் அணையுங்கள். பல்பின் ஹாட்ஸ்பாட்டில் இன்டர்நெட் கிடையாது. அதைப் பார்த்த ஃபோன், 'இதில் நெட் இல்லையே' என்று தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். 'இன்டர்நெட் இல்லை, தொடரவா?' என்று கேட்டால் தொடரச் சொல்லுங்கள்.

படி 3: பல்பா, ரவுட்டரா? ஒரே சோதனை

ரவுட்டர் செட்டிங்ஸுக்குள் தலையை விடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் இரண்டாவது ஃபோனில் ஹாட்ஸ்பாட்டைப் போடுங்கள். அலைவரிசையை 2.4-க்கு மாற்றுங்கள். ஐஃபோன் என்றால் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்பதை ஆன் செய்ய வேண்டும். எட்டு எழுத்தில் எளிய பாஸ்வேர்டு வையுங்கள். முதல் ஃபோனை அந்த ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, பல்பை இணைத்துப் பாருங்கள்.

இணைந்துவிட்டால் பல்பு நன்றாக இருக்கிறது, ஃபோனும் நன்றாக இருக்கிறது, பழி ரவுட்டர் மேல். இணையவில்லை என்றால் இன்னொரு ஃபோனில் ஆப்பைப் போட்டுப் பாருங்கள். அதிலும் முடியவில்லையா? அப்போது தாராளமாக ரிட்டர்ன் போடலாம். மணிக்கணக்கில் நடக்கும் போராட்டத்தைச் சில நிமிடங்களில் முடித்துவைக்கும் சோதனை இது. கஸ்டமர் கேரில் ஏனோ யாரும் இதைச் சொல்வதில்லை.

படி 4: ரவுட்டரைச் சரிசெய்தல்

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஐபி முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு இருக்கும். 192.168.1.1 போல ஒன்று. அதை பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள்.

முதல் வேலை, 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் வைப்பது. 'பேண்ட் ஸ்டீரிங்' அல்லது 'ஸ்மார்ட் கனெக்ட்' என்று ஒரு வசதி ஆனில் இருக்கும், அதை அணைத்தால்தான் பிரிக்க முடியும். இணைத்து முடித்ததும் வேண்டுமானால் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். பல்பு எப்படியும் 2.4-ஐத்தான் பிடிக்கும்.

பெயரில் இடைவெளி, எமோஜி, தமிழ் எழுத்து எல்லாம் இல்லாமல் வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக வையுங்கள். தமிழில் வைஃபை பெயர் வைப்பது அழகுதான், ஆனால் பல பல்புகளின் மென்பொருள் அதைத் தாங்காது. மறைக்கப்பட்ட வைஃபையும் வேண்டாம்.

அடுத்து பாதுகாப்பு வகை. புது ரவுட்டர்கள் சில டபிள்யூபிஏ3 என்ற புதிய முறையில் வருகின்றன. பழைய சிப் வைத்த பல்புகளுக்கு டபிள்யூபிஏ2 மட்டுமே தெரியும். இரண்டும் கலந்த நிலையில் பல பல்புகள் சேர்ந்துவிடும், சில முரண்டு பிடிக்கும். 2.4-க்கு மட்டும் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வைத்துவிடுவது பாதுகாப்பாகவும் இருக்கும், வேலையும் நடக்கும். அதே போல வைஃபை 6 ரவுட்டரில் 2.4 பக்கத்தை பி/ஜி/என் என்ற பழைய வைஃபை நிலைக்கு இறக்கினால் பழைய பல்புகள் சட்டென்று சேர்வதுண்டு.

சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றில் நிறுத்துங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 12, 13 சேனல்களும் உண்டு, ஆனால் அமெரிக்கச் சந்தையை மனதில் வைத்துச் செய்த சில பல்புகள் 11-க்கு மேல் தேடுவதே இல்லை. ரவுட்டர் தானாக 13-க்கு மாறிய அன்று எல்லா பல்பும் ஒன்றாகக் காணாமல் போகும். யாருக்கும் காரணம் புரியாது.

'ஏபி ஐசொலேஷன்' என்ற வசதி ஆனில் இருந்தால் ஒரே வைஃபையில் இருக்கும் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. இணைக்கும் நேரத்திலாவது அணைத்துவிடுங்கள்.

சரி, ரவுட்டருக்குள் போக வழியே இல்லை, நெட் கம்பெனிக்காரர் பூட்டி வைத்திருக்கிறார் என்றால்? இரண்டு குறுக்குவழிகள் இருக்கின்றன. ரவுட்டரிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தள்ளி, இரண்டு சுவர் தாண்டி, மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹோல்டரில் பல்பை மாட்டி, ஃபோனையும் அங்கே கொண்டுபோங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் மட்டம். தூரத்தில் அது செத்துப்போய் ஃபோன் தானாக 2.4-க்கு இறங்கும். அல்லது அலமாரியில் தூங்கும் பழைய ஃபோனை எடுத்துச் சார்ஜ் போடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸே தெரியாத பழைய மாடல் என்றால் இன்னும் நல்லது.

ஹாஸ்டல், பிஜி, ஆபீஸ் வைஃபையில் பிரவுசர் திறந்து மொபைல் எண் கொடுத்து உள்ளே போக வேண்டியிருந்தால், பல்பை அதில் சேர்க்க முடியாது. அதற்கு பிரவுசரும் கிடையாது, ஓடிபி வாங்க சிம்மும் கிடையாது. சின்ன டிராவல் ரவுட்டர் ஒன்றுதான் வழி.

எந்த இடத்தில் நிற்கிறது?

ஆப் எந்தக் கட்டத்தில் கைவிரிக்கிறது என்பதிலேயே நோய் தெரிந்துவிடும். 'சாதனத்தைத் தேடுகிறது' என்ற இடத்திலேயே நின்றால் ஃபோன் அனுமதிகள் அல்லது 5 கிகாஹெர்ட்ஸ். சாதனம் கிடைத்து, வைஃபையில் சேரும்போது தோற்றால் பாஸ்வேர்டு அல்லது பாதுகாப்பு வகை. பாஸ்வேர்டை ஆப் தானாக நிரப்பியிருந்தால் அழித்துவிட்டு, கண் குறியைத் தட்டி, எழுத்தைப் பார்த்தே அடியுங்கள். எல்லாம் முடிந்து 'பதிவு செய்கிறது' என்ற கடைசிப் படியில் கவிழ்ந்தால் இன்டர்நெட், அல்லது விளம்பரங்களைத் தடுக்க ரவுட்டரில் போட்டிருக்கும் டிஎன்எஸ் செட்டிங், அல்லது அந்த பல்பு ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் பதிவாகியிருப்பது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பல்பில் இந்தக் கடைசித் தொல்லை சகஜம். சில பல்புகளில் பழைய சொந்தக்காரர் தன் ஆப்பிலிருந்து நீக்கினால்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

சேர்ந்த பல்பு நடுவில் காணாமல் போனால்

'ஆஃப்லைன்' என்று ஆப் சொன்னதும் முதலில் பார்க்க வேண்டியது சுவர் சுவிட்ச். சிரிக்காதீர்கள். பத்தில் ஏழெட்டு தடவை யாரோ பழக்க தோஷத்தில் சுவிட்சை அணைத்திருப்பார்கள். அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

சுவிட்ச் ஆனில்தான் இருக்கிறது என்றால் சிக்னல். வைஃபை அளக்கும் ஆப்பை ஃபோனில் போட்டுக்கொண்டு பல்புக்கு நேர் கீழே நின்று பாருங்கள். சிக்னலை டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண்ணாகக் காட்டும், எண் சின்னதாக இருந்தால் சிக்னல் பலம். மைனஸ் 50, 60 என்றால் அருமை. மைனஸ் 67 வரை ஓடும். மைனஸ் 75-ஐத் தாண்டினால் பல்பு அவ்வப்போது விழுந்து எழும். ஃபோனில் படம் ஓடுகிறதே என்று வாதிடாதீர்கள். ஃபோனின் ஆன்டெனா வேறு, பல்புக்குள் விரல் நகம் அளவில் இருக்கும் ஆன்டெனா வேறு. அதையும் உலோக ஷேடுக்குள்ளோ, ஃபால்ஸ் சீலிங்கில் பதித்த அலுமினிய கிண்ணத்துக்குள்ளோ அடைத்தால் சிக்னல் எங்கிருந்து வரும்? மூடிய கிண்ணத்தில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. சூடு வெளியேறாமல் சிப்பும், எல்ஈடிக்கு மின்சாரம் தரும் டிரைவர் சர்க்யூட்டும் சீக்கிரம் வயதாகிவிடும்.

மாடி வீடுகளில் கான்கிரீட் தளம்தான் பெரிய சுவர். கீழே ரவுட்டர், மேலே பல்பு என்றால் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து, வைஃபை பரப்பும் அக்சஸ் பாயிண்ட் ஒன்றை மாடியில் வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. கேபிள் இல்லாமல் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் பரவாயில்லை ரகம்.

இரண்டு மூன்று பல்பு வரை நன்றாக ஓடி, எண்ணிக்கை ஏற ஏற மாறி மாறி விழுந்தால் ரவுட்டர் திணறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நெட் கனெக்‌ஷனோடு இலவசமாக வரும் ரவுட்டர்கள் பல சாதனங்களை ஒரே நேரத்தில் தாங்குவதற்காகச் செய்தவை அல்ல. டிவி, கேமரா, நான்கு ஃபோன், லேப்டாப் எல்லாம் ஏற்கெனவே அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

புது ரவுட்டர் மாற்றப் போகிறீர்களா? பழைய ரவுட்டரில் இருந்த அதே வைஃபை பெயர், அதே பாஸ்வேர்டு, அதே பாதுகாப்பு வகையை அட்சரம் பிசகாமல் புதியதில் வையுங்கள். பல்பு பெட்டியைப் பார்ப்பதில்லை, பெயரையும் பாஸ்வேர்டையும்தான் பார்க்கிறது. ஒரு பல்பைக்கூட ரீசெட் செய்யாமல் எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இதைத் தெரியாமல் நெட் கம்பெனி ஆள் வைத்துவிட்டுப் போன புதுப் பெயரை அப்படியே ஏற்றுக்கொண்டு, ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றாகச் சேர்த்தவர்கள் நிறைய.

சுவிட்சும் கரண்ட் கட்டும்

ஸ்மார்ட் பல்புக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். சுவிட்சை அணைத்தால் அது பல்பே இல்லை, வெறும் பிளாஸ்டிக். நம் வீடுகளிலோ அறையை விட்டு வெளியே வரும்போது சுவிட்சை அணைப்பது ரத்தத்தில் ஊறியது. நம்மைத் திட்டித் திட்டி வளர்த்ததே அதற்காகத்தானே. எங்கள் வீட்டில் அத்தை கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "ஏம்ப்பா, லைட்ட அணைக்கறதுக்குக்கூட உன் ஃபோன கேட்டுட்டுதான் அணைக்கணுமா?"

நியாயமான கேள்வி. சுவிட்சின் மேல் டேப் ஒட்டி வைப்பது, 'அணைக்காதீர்கள்' என்று சீட்டு எழுதி வைப்பது எல்லாம் ஒரு வாரம் தாங்கும். பலர் புழங்கும் அறையில் சரியான தீர்வு பல்பை சாதாரணமாகவே விட்டுவிட்டு சுவிட்சை ஸ்மார்ட்டாக்குவது. சுவிட்ச் போர்டுக்குள்ளேயே வைக்கும் சின்ன ரிலே மாட்யூல்கள் கிடைக்கின்றன. சுவரில் தட்டினாலும் வேலை செய்யும், ஃபோனில் தட்டினாலும் வேலை செய்யும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் வயர் வேண்டும். நம் ஊர் போர்டுகளில் பிளக் பாயிண்டும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் அனேகமாக உள்ளேயே இருக்கும். எம்சிபியை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். ஸ்மார்ட் சுவிட்சும் ஸ்மார்ட் பல்பும் ஒரே பாயிண்டில் வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

அடுத்தது கரண்ட் கட். இரவு இரண்டு மணி. கரண்ட் போகிறது, வருகிறது, உடனே திரும்பப் போகிறது, வருகிறது, இன்னொரு தடவை வெட்டி வருகிறது. மழைக்காலத்தில் நடப்பதுதான். படுக்கையறை பல்பு முழு வெளிச்சத்தில் படபடவென்று சிமிட்ட ஆரம்பிக்கிறது. வீடே எழுந்து உட்கார்ந்து, பல்புக்குப் பேய் பிடித்துவிட்டதா என்று பார்க்கிறது. நடந்தது வேறொன்றும் இல்லை: மூன்று தடவை ஆன்-ஆஃப் ஆனதும் பல்பு அதை ரீசெட் கட்டளையாக எடுத்துக்கொண்டு, வைஃபை விவரத்தை மறந்துவிட்டு, இணைப்பு நிலைக்குப் போய்விட்டது. மின்வாரியமே சுவிட்சைத் தட்டிய மாதிரிதான்.

இதற்கு வழி, பல்பு இருக்கும் லைனை இன்வெர்ட்டரில் சேர்ப்பது. ரவுட்டருக்கும் பேக்கப் கொடுங்கள். ரவுட்டருக்கென்றே மினி யூபிஎஸ் வருகிறது, உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பார்த்து வாங்க வேண்டும். ரவுட்டர் எழுந்திருக்க ஓரிரு நிமிடம் ஆகும், பல்பு சில விநாடியில் எழுந்துவிடும். அந்த இடைவெளியில் பல்பு ஆஃப்லைன் காட்டினால் பதறி ரீசெட் செய்யாதீர்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள், தானாக வரும்.

இன்னொன்று, அணைந்திருந்த பல்பு கரண்ட் வந்ததும் பளிச்சென்று எரிவது. பல ஆப்களில் பல்பின் செட்டிங்ஸுக்குள் 'மின்சாரம் திரும்பும்போது' என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு இருக்கும். சிலவற்றில் 'டூ நாட் டிஸ்டர்ப்' என்ற பெயரில் ஒளிந்திருக்கும். 'பழைய நிலைக்கே திரும்பு' என்று வைத்துவிடுங்கள். வாங்கிய அன்றே செய்ய வேண்டிய முதல் செட்டிங் இது.

அலெக்ஸா, கூகுள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்பு முதலில் அதன் சொந்த ஆப்பில் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், அதன் பிறகுதான் குரல் உதவியாளரோடு இணைப்பது. இரண்டு பல்புக்கு ஒரே மாதிரிப் பெயர் வைக்காதீர்கள். 'ரூம் லைட்', 'பெட்ரூம் லைட்' என்று வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். பல்பு ஆப்பில் எரிகிறது, அலெக்ஸாவில் மட்டும் 'பதில் இல்லை' என்று வந்தால் அலெக்ஸா ஆப்பில் அந்த பல்பு கம்பெனியின் ஸ்கில்லை (இணைப்பை) துண்டித்துவிட்டுத் திரும்ப இணையுங்கள். ஆப்பின் பாஸ்வேர்டை மாற்றியபின் இது அடிக்கடி நடக்கும்.

காசுக்குத் தகுமா?

மின்சாரம் மிச்சமாகும் என்று விளம்பரம் சொல்லும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அணைந்த நிலையிலும் ஸ்மார்ட் பல்பு வைஃபையைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கிறது. அதற்கு அரை வாட் என்று வைத்துக்கொள்வோம். 9 வாட் பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் 45 வாட்-மணி. மீதி 19 மணி நேரம் சும்மா இருப்பதற்கு 9.5 வாட்-மணி. அதாவது எரிவதற்கு ஆகும் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சும்மா இருப்பதற்கே போகிறது. இதை ஈடுகட்ட, தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தேவையில்லாமல் எரிந்துகொண்டிருந்த விளக்கை இந்த பல்பு அணைத்திருக்க வேண்டும். சுவிட்சை ஒழுங்காக அணைக்கும் வீட்டில் ஸ்மார்ட் பல்பு செலவைக் கூட்டத்தான் செய்யும். கூடுவதும் வருடத்துக்கு மூன்றரை யூனிட்தான், அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. குண்டு பல்பை மாற்றியதில் வந்த மிச்சம் எல்ஈடியால் வந்தது, ஸ்மார்ட்டால் வந்ததல்ல.

அப்படியானால் எதற்குத்தான் வாங்குவது? வசதிக்கு. அதுவும் எல்லா இடத்திலும் இல்லை.

வாசல் விளக்கு முதலிடம். ஆப்பில் ஊரைச் சரியாகக் கொடுத்துவிட்டால் சூரியன் மறையும் நேரத்துக்கு எரிந்து, உதிக்கும்போது அணையும். சென்னையில் நவம்பர் கடைசியில் 5.40 வாக்கில் சூரியன் மறைகிறது, ஜூலையில் 6.40 வாக்கில். சாதாரண டைமரில் இதற்காக வருடத்தில் பலமுறை முள்ளைத் திருப்ப வேண்டும். ஊருக்குப் போயிருக்கும்போது வீட்டில் ஆள் இருப்பது போல விளக்கு எரிவதும் சின்ன நிம்மதி இல்லை. பகலெல்லாம் மறந்துபோய் எரியும் விளக்கு வாசல் விளக்குதான் என்பதால், மேலே போட்ட கணக்கில் உண்மையிலேயே மிச்சம் பிடிப்பதும் இதுதான்.

இரண்டாவது, வயதானவர்கள் தூங்கும் அறை. இரவில் எழுந்து பாத்ரூம் போகும்போது கண்ணைக் கூசாமல் 5 சதவீத வெளிச்சத்தில், மஞ்சள் நிறத்தில், ஜீரோ வாட்ஸ் பல்பு மாதிரி எரிய வைக்கலாம். பகலில் அதே பல்பு 6500 கெல்வின் வெள்ளையில் பத்திரிகை படிக்க உதவும். எழுந்து நடக்க முடியாதவர்களுக்குக் குரலால் விளக்கைப் போடுவது பெரிய விஷயம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதைச் சிபாரிசு செய்வேன்.

சமையலறை, ஸ்டோர் ரூம், பாத்ரூம் ஆகிய இடங்களில் வேண்டாம். ஆள் நடமாட்டத்தைப் பார்த்து எரியும் சென்சார் பல்பு அங்கே நன்றாக வேலை செய்யும், அதற்கு வைஃபையும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். கலர் பல்பு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: சிவப்பு, நீலம் என்று வைத்தால் வெளிச்சம் வெள்ளையைவிட வெகுவாகக் குறையும். ஆயிரம் நிறம் என்று ஆசைப்பட்டு வாங்கி, இரண்டாவது வாரத்திலிருந்து வெறும் வெள்ளையில் ஓட்டுபவர்கள்தான் அதிகம். வெள்ளை-மஞ்சள் மட்டும் மாறும் வகை போதும், விலையும் குறைவு.

வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்த பல்பு யாருடைய சர்வரை நம்பி இருக்கிறது? 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் கம்பெனி முன்னறிவிப்பு இல்லாமல் சர்வர்களை நிறுத்தியது. வீடு முழுக்க அவர்கள் சாதனங்களை மாட்டியிருந்தவர்களின் ஆப்பும் ஆட்டோமேஷனும் ஒரே நாளில் செத்துப்போயின. பிறகு பயனர்கள் சிலரே சேர்ந்து கம்பெனியை வாங்கி உயிர் கொடுத்தார்கள். உங்கள் பல்பு எப்படி என்று தெரிந்துகொள்ள, ரவுட்டரில் நெட் வரும் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டு, வைஃபை ஓடும்போதே ஆப்பில் தட்டிப் பாருங்கள். எரிந்தால் நல்லது. டைமரும் அந்த நிலையில் வேலை செய்கிறதா என்று ஒரு மாலை சோதித்துவிடுங்கள்.

இந்தத் தலைவலியைக் குறைக்கத்தான் மேட்டர் என்ற பொதுத் தரநிலை 2022 அக்டோபரில் வந்தது. அந்த முத்திரை உள்ள பல்பு வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசிக்கொள்ளும், ஆப்பிள், கூகுள், அமேசான் மூன்றிலும் சேரும். ரவுட்டரில் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையை யாராவது அணைத்து வைத்திருந்தால் மட்டும் திறந்துவிட வேண்டும். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் மேட்டர் உள்ளதையே எடுங்கள்.

பத்து பல்புக்கு மேல் போடும் எண்ணம் இருந்தால், வைஃபைக்குப் பதிலாக ஹப் வழியே பேசும் ஸிக்பீ என்ற ரேடியோ முறையின் பக்கம் திரும்பலாம். ஃபிலிப்ஸ் ஹியூ 2012-லிருந்து ஓடுவது இந்த முறையில்தான். பல்புகள் வைஃபைக்குப் பாரம் ஏற்றாமல் ஹப்போடு பேசும், ஒரு பல்பு அடுத்ததற்கு சிக்னலைக் கடத்தும். நடுவில் இருக்கும் பல்பின் சுவிட்சை யாராவது அணைத்தால் அந்தச் சங்கிலி அறுந்து, கடைசி அறை பல்பு தத்தளிக்கும். ஆக, சுவிட்ச் பிரச்சினை இங்கேயும் விடுவதில்லை. ஸிக்பீயும் 2.4-லேயே ஓடுவதால் ஹப்பை ரவுட்டருக்கு ஒட்டி வைக்காமல் ஓரிரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

பல்பைத் தூக்கிப் போடும்போது

எரியாமல் போன பல்புக்குள்ளும் உங்கள் வைஃபை பாஸ்வேர்டு இருக்கலாம். 2019-ல் ஒரு ஆய்வாளர் லைஃபெக்ஸ் (LIFX) கம்பெனியின் பல்பு ஒன்றை அறுத்து, உள்ளே பாஸ்வேர்டு எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே எழுதப்பட்டிருப்பதைக் காட்டினார். அந்தக் கம்பெனி பிறகு அப்டேட் கொடுத்துச் சரிசெய்தது. உயிர் இருக்கும் பல்பு என்றால் யாருக்காவது கொடுக்கும் முன் ஆப்பில் 'நீக்கு, தரவையும் அழி' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதன் பிறகு ஒருமுறை கையாலும் ரீசெட் செய்யுங்கள். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது பல்பை விட்டுவிட்டுப் போனால் இதை மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவரால் அதைச் சேர்க்க முடியாமல் போகலாம். செத்துப்போன பல்பு என்றால் குப்பையில் போட்டபின் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். ஆனால் மாற்றினால் மற்ற பல்புகளையெல்லாம் திரும்பச் சேர்க்க வேண்டிவரும் என்பதால், பல்புகளுக்கென்று ஆரம்பத்திலேயே ரவுட்டரில் தனியாக ஒரு கெஸ்ட் வைஃபையை 2.4-ல் திறந்து, அதற்குத் தனிப் பாஸ்வேர்டு வைத்துவிடுவது நல்லது. கெஸ்ட் வைஃபையில் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி ரவுட்டர் தடுத்திருந்தால், பல்பைச் சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் அந்தத் தடையை எடுத்துவிட்டு, ஃபோனையும் அதே கெஸ்ட் வைஃபையில் வைத்து இணையுங்கள்.